வீடியோ காமிராவிலிருந்து கணினிக்கு: எந்தக் கேபிள் ஏற்றது?

பாடத்தின் நோக்கம்

நெசவும் வேளாண்மையும் கைவழியே கற்கப்படும் தொழில்கள். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் எவ்வாறு பிணைகின்றன என்பதை எழுத்தில் விளக்கலாம். படம் வரைந்தும் காட்டலாம். ஆயினும், மூன்று நாடாக்களைக் கொண்டு, நெசவாளர் ஒருவரும் அருகமர்ந்து உதவுபவர் ஒருவரும் ஒரே ஓட்டமாக வேலை செய்யும் கைப்பழக்கத்தைக் கண்ணால் கண்டுதான் அறிய முடியும். இருவர் அமர்ந்து நெய்யும் கோர்வைத் தறிகள் காஞ்சிபுரம் வட்டாரத்தில் குறைந்துவரும் இக்காலத்தில், அக்கைகளின் அசைவைப் பதிவு செய்த படம் ஒன்று எங்கேனும் இருக்குமாயின் அது பெருஞ்செல்வமாகும்.

1990-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வீடியோ காமிரா நம் ஊர்களிலும் பரவியது. திருமணம், கோயில் திருவிழா, சங்கத்தின் மகாசபைக் கூட்டம் முதலியவை படமாயின. அவற்றின் ஊடே, தறியில் அமர்ந்த முதியோரின் கைகளும், ஏரி மதகு திறக்கும் காட்சியும், நாற்று நடவும், களத்து மேட்டில் நடந்த நெல் தூற்றலும் பதிவாகியிருக்கக் கூடும். அந்தக் காசெட்டுகள் இன்று பெட்டியிலும் பரணிலும் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவது எவ்வாறு, அதற்கு எந்தக் கேபிளைத் தேர்ந்தெடுப்பது என்பதே இம்மாதப் பாடம்.

நெசவாளர்க்கு ‘நாடா’ என்றால் தறியில் குறுக்கே ஓடும் நாடா. ஆகையால் குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு, காசெட்டினுள் சுற்றியுள்ள காந்தப் பூச்சுடைய பட்டையை இப்பாடத்தில் ‘டேப்’ என்றே குறிப்போம்.

காலம் ஏன் நெருக்குகிறது?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியம் அவற்றுள் ஒன்று. அன்று குடத்தில் இட்ட ஓலைகள் மறைந்தன. கல்லில் வெட்டிய விதிகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. ஓலையில் எழுதப்பட்ட பழைய நூல்களுள் நமக்கு எஞ்சியவை, உரிய காலத்தில் வேறோர் ஓலைக்குப் படியெடுக்கப்பட்டவையே.

காந்த டேப்பும் ஓலையின் இயல்புடையது. ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும். வெப்பத்தால் பூச்சு தளரும். டேப் நன்றாக இருந்தாலும், அதை ஓட்டும் கருவி கிடைக்காவிடின் பயனில்லை. ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் வி.எச்.எஸ். காசெட் ஓட்டும் கருவிகளின் உற்பத்தியை 2016-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்தியது. 2019-இல் யுனெஸ்கோவும், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து காந்த டேப் பற்றிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2025-ஆம் ஆண்டை ஒட்டி, டேப்பை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அருகிவிடும் என்பது காப்பக வல்லுநர்களின் கணிப்பு. அந்த ஆண்டும் வந்துவிட்டது. அவ்வாண்டிலேயே வெளியான ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயக்க முறையில், காமிராவை இணைக்க நெடுங்காலம் பயன்பட்ட ஃபயர்வயர் இணைப்புக்கான ஆதரவு நீக்கப்பட்டது. ஆகவே, கருவி கிடைக்கும் இப்பொழுதே படியெடுத்தல் வேண்டும்; அதையும் ஒரே முறையில் செம்மையாகச் செய்தல் வேண்டும். மறுமுறை ஓட்டுவதற்கு டேப் இடந்தராமற் போகலாம்.

டேப்பில் இருப்பது யாது?

கேபிளைத் தேர்வதற்கு முன்னர், டேப்பில் படம் எவ்வகையில் பதிந்துள்ளது என்பதை அறிதல் வேண்டும். பதிவு இரு வகைப்படும். ஒன்று அனலாக், மற்றொன்று டிஜிட்டல்.

இவ்வேறுபாட்டை ஜக்கார்டு அட்டை கொண்டு எளிதில் உணரலாம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த அம்முறையில், அட்டையின் ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு, அல்லது இல்லை. இடைநிலை என்பதே கிடையாது. அட்டை பழையதாயினும், துளைகளை ஒன்றுக்கொன்று பார்த்துப் புதிய அட்டையில் குத்தினால், பழைய டிசைன் ஓர் இழையும் பிசகாமல் புதிய சேலையில் விழும். டிஜிட்டல் பதிவு இத்தகையது. ‘உண்டு, இல்லை’ என்னும் குறிகளாகவே படம் முழுவதும் பதிந்துள்ளது. அத்தகைய குறி ஒன்றுக்குக் கணினி வழக்கில் ‘பிட்’ என்று பெயர்.

அட்டை இல்லை, நெய்த சேலை மட்டுமே உள்ளது என்று கொள்வோம். அதைப் பார்த்துக் கிராப் தாளில் டிசைனை வரைந்தெடுக்க வேண்டும். வரைபவரின் கண்ணும், வெளிச்சமும், சேலையின் நிலையும் அப்படியின் தரத்தை முடிவு செய்யும். அனலாக் பதிவு இத்தகையது. ஏறியும் இறங்கியும் செல்லும் மின்னலையாகப் படம் பதிந்துள்ளது. அதை எண்ணாக மாற்றும் வேலை, படியெடுக்கும்பொழுதுதான் நடைபெறும்.

நம் வீடுகளில் காணக்கூடிய காசெட்டுகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

அனலாக் வகை: 1976-இல் வந்த வி.எச்.எஸ்.; அதன் சிறு வடிவமாக 1982-இல் வந்த வி.எச்.எஸ்.-சி, 1985-இல் வந்த வீடியோ-8, 1989-இல் வந்த ஹை-8.

டிஜிட்டல் வகை: 1995-இல் வந்த மினி டி.வி.; 1999-இல் வந்த டிஜிட்டல்-8; மினி டி.வி. காசெட்டிலேயே உயர் நுணுக்கப் படத்தைப் பதிக்கும் எச்.டி.வி. (2003).

மினி டி.வி. என்பதில் உள்ள எழுத்துகள் தொலைக்காட்சியைக் குறிப்பன அல்ல. டிஜிட்டல் வீடியோ என்பதன் முதலெழுத்துகளே அவை. காசெட் தீப்பெட்டியினும் சற்றே பெரியது. ஹை-8, டிஜிட்டல்-8 ஆகிய இரண்டும் ஒரே அளவுள்ள காசெட்டைப் பயன்படுத்துபவை. ஆதலால் அவற்றில் காசெட்டின் தோற்றத்தை மட்டும் நம்பாமல், எந்தக் காமிராவில் பதிவாயிற்று என்பதையும் விசாரித்து அறிக.

இனிக் கேபிள்களைப் பற்றிக் காண்போம்.

1. ஃபயர்வயர்

மினி டி.வி. படத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2.5 கோடி பிட்டுகள் உள்ளன. ஒலியையும் துணைக் குறிப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 2.9 கோடி. இவ்வளவும் தடையின்றி ஓடிவர வேண்டும். 1995-இல் தரப்படுத்தப்பட்ட ஃபயர்வயர் இணைப்பு நொடிக்கு 40 கோடி பிட்டுகள் வரை தாங்கும். சோனி நிறுவனம் இதனை ‘ஐ-லிங்க்’ என்று அழைத்தது. பல காமிராக்களில் இந்தச் சாக்கெட்டின் மேல் டி.வி. என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளே காணப்படும்.

இக்கேபிளின் சிறப்பு யாதெனில், டேப்பில் உள்ள பிட்டுகளை அவ்வாறே கணினிக்குக் கொண்டுசெல்வதாகும். அட்டையைப் பார்த்து அட்டை குத்தும் முறை இது. படத்துடன், படம் எடுத்த நாளும் நேரமும் காமிராவில் சரியாக வைக்கப்பட்டிருந்தால் அக்குறிப்பும் உடன் வரும். சங்க வரலாறு எழுத விரும்புவோர்க்கு இது பெரிதும் உதவும். இக்கேபிளின் வழியாகவே கணினி காமிராவை ஓட்டவும் நிறுத்தவும் இயலும்.

காமிரா முனையில் பெரும்பாலும் நான்கு பின் உள்ள சிறு சாக்கெட்டும், கணினி முனையில் ஆறு பின் உள்ள சாக்கெட்டும் இருக்கும். 2002-க்குப் பின் வந்த வேக வகையில் ஒன்பது பின்கள் உண்டு. வாங்கும்பொழுது இரு முனைகளையும் எண்ணிப் பார்த்து வாங்குக. கேபிளின் நீளம் நாலரை மீட்டருக்கு மேற்படலாகாது. ஆறு பின் முனையில் மின்சாரமும் வருவதால், அதைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் காமிராவின் உட்பகுதி கெட நேரிடும். காமிரா, கணினி இரண்டையும் அணைத்துவிட்டே செருகுதல் நன்று.

2. யூ.எஸ்.பி.

மிகுதியானோர் தடுமாறும் இடம் இதுவே. இன்று எல்லாக் கணினிகளிலும் யூ.எஸ்.பி. சாக்கெட் உள்ளது. பழைய மினி டி.வி. காமிராக்கள் பலவற்றிலும் அது உள்ளது. இரண்டையும் இணைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவது இயல்பே.

1996-இல் வந்த முதல் யூ.எஸ்.பி. வகை நொடிக்கு 1.2 கோடி பிட்டுகளையே தாங்கும். 2.9 கோடி பிட்டுகள் அதன் வழியே உடன்கூட வர இயலாது என்பது கணக்கிலிருந்தே விளங்கும். 2000-இல் வந்த இரண்டாம் வகை 48 கோடி பிட்டுகளைத் தாங்கும். ஃபயர்வயரைக் காட்டிலும் அது அகலமான வாய்க்கால். ஆயினும் மதகு திறக்காவிடில் அகலமான வாய்க்காலிலும் நீர் வாராது. மினி டி.வி. காமிராக்கள் பலவற்றில் யூ.எஸ்.பி. சாக்கெட், மெமரி கார்டில் உள்ள அசையாப் படங்களை அனுப்பவும், இணையத்தில் முகம் காட்டிப் பேசவும் மட்டுமே அமைக்கப்பட்டது. டேப்பில் உள்ள முழுப் படம் அவ்வழியே வெளிவராது. முழுப் படத்தையும் யூ.எஸ்.பி. வழியே அனுப்பும் மாடல்கள் சிலவே.

இதனால் வரும் நஷ்டத்தை அளந்து பார்ப்போம். நம் நாட்டில் வழங்கிய பால் முறையில், மினி டி.வி. படம் ஒன்றில் 720 பெருக்கல் 576, அஃதாவது 4,14,720 புள்ளிகள் உள்ளன. யூ.எஸ்.பி. வழியே சிறு படமாக 320 பெருக்கல் 240 என்னும் அளவில் வந்தால், 76,800 புள்ளிகளே கிட்டும். இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரு பாதிகளாகப் பதிவதால், அசைவு நொடிக்கு 50 முறை பதிவாகிறது. சிறு படத்தில் இவ்வசைவும் விட்டு விட்டு வரும். கல்யாண வீட்டில் நிற்பவரின் முகம் அதிலும் தெரியக்கூடும். நாடா கைமாறும் கணமோ, கரையின் இழை உடலின் இழையைப் பற்றும் இடமோ தெரியாது. எதற்காகப் படியெடுத்தோமோ அதுவே மறைந்துபோகும்.

கடைகளில் ஒரு முனை ஃபயர்வயரும் மறுமுனை யூ.எஸ்.பி.யுமாக உள்ள மலிவான கேபிள்கள் கிடைக்கின்றன. இவற்றால் மினி டி.வி. படம் வாராது. இரு இணைப்புகளும் பேசும் முறை வேறு. இடையில் மொழிபெயர்க்கும் கருவி ஏதும் அக்கேபிளில் இல்லை. ஜக்கார்டு அட்டையை டாபியில் மாட்டியதற்கு ஒப்பாகும் இது.

யூ.எஸ்.பி. சிறந்து விளங்கும் இடமும் ஒன்று உண்டு. டேப் இல்லாமல் மெமரி கார்டிலோ ஹார்டு டிஸ்க்கிலோ படம் பதிக்கும் காமிராக்களுக்கு அதுவே ஏற்றது. 2006-இல் வந்த ஏ.வி.சி.எச்.டி. வகை இதற்குச் சான்று. அவற்றில் படம் கோப்பாகவே இருக்கும். ஒரு மணி நேரப் படத்தைச் சில நிமிடங்களில் நகலெடுக்கலாம். கோப்புகளைத் தனித்தனியே பிரிக்காமல், முழு அடுக்கையும் அவ்வாறே நகலெடுத்துக்கொள்க.

3. மஞ்சள் கேபிளும் எஸ்-வீடியோவும்

அனலாக் காசெட்டுகளுக்கு ஃபயர்வயர் நேரடியாகப் பயன்படாது. அவற்றின் காமிராவில் மின்னலை மட்டுமே வெளிவரும். அவ்வலை வெளிவரும் வழிகள் இரண்டு.

முதலாவது, மஞ்சள் முனையுள்ள கேபிள். வெளிச்சம், நிறம் ஆகிய இரண்டும் ஒரே கம்பியில் கலந்து வரும். வெள்ளை, சிவப்பு முனைகள் ஒலிக்கானவை. கலந்து வந்த இரண்டையும் மறுமுனையில் பிரிக்கும்பொழுது முழுமையாகப் பிரிக்க இயலாது. நெருக்கமான கோடும் சிறு கட்டமும் உள்ள சேலைகளைப் படம் பிடித்தால், இல்லாத வானவில் நிறங்கள் அவற்றின்மேல் ஓடுவதைக் காணலாம். தொலைக்காட்சி பார்க்கையில் பலரும் இதைக் கண்டிருப்பர்.

இரண்டாவது, எஸ்-வீடியோ. வட்டமான முனையில் நான்கு பின்கள் இருக்கும். வெளிச்சத்துக்கு ஒரு கம்பியும் நிறத்துக்கு ஒரு கம்பியும் தனித்தனியே உண்டு. மேற்கூறிய நிறக் கலப்பு இதில் மிகக் குறைவு. ஆகவே ஹை-8 காமிராவில் எஸ்-வீடியோ சாக்கெட் இருந்தால் அதையே கொள்க. எஸ்-வீடியோவில் ஒலி வாராது. வெள்ளை, சிவப்புக் கேபிள்களையும் உடன் இணைக்க மறவற்க.

இவ்வலையை எண்ணாக மாற்றுவதற்கு, இடையில் ஒரு மாற்றுக் கருவி வேண்டும். கணினியின் யூ.எஸ்.பி. சாக்கெட்டில் செருகும் சிறு கருவிகள் இதற்காகவே விற்கப்படுகின்றன. அவற்றில் பால் முறை, 720 பெருக்கல் 576, நொடிக்கு 25 படம் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க முறைக்கு அமைத்தபடியே விட்டுவிட்டால் படம் நிறமிழந்தோ உருண்டோ தோன்றும்.

வீடியோ-8, ஹை-8 காசெட்டுகளுக்கு இன்னொரு நல்ல வழியும் உண்டு. டிஜிட்டல்-8 காமிராக்கள் சில, பழைய அனலாக் காசெட்டுகளையும் ஓட்டி, உள்ளேயே எண்ணாக மாற்றி, ஃபயர்வயர் வழியே அனுப்பும். எல்லா மாடல்களுக்கும் இத்திறன் இல்லை. அத்தகைய காமிரா உறவினரிடமோ அண்டை ஊரிலோ இருந்தால், இரவல் பெற்றேனும் பயன்படுத்துதல் தகும்.

4. எச்.டி.எம்.ஐ.

பிற்காலத்துக் காமிராக்களில் இந்தச் சாக்கெட் உள்ளது. தொலைக்காட்சியில் படம் காண இது மிக ஏற்றது. கணினியில் உள்ள எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டோ பெரும்பாலும் படத்தை வெளியே அனுப்புவதற்கே அமைந்தது, உள்ளே வாங்குவதற்கன்று. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டுக் காத்திருப்பது, இரண்டு வாய்க்கால்களின் கடைமடைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு நீருக்குக் காத்திருப்பதாகும். எச்.டி.வி. காசெட்டுகளுக்கும் ஃபயர்வயரே முதல் தேர்வு.

தேர்வு விதிகள்

மேற்கூறியவற்றை நான்கு விதிகளாகச் சுருக்கலாம்.

அ) மினி டி.வி., டிஜிட்டல்-8, எச்.டி.வி. காசெட்டுகளுக்கு: ஃபயர்வயர்.

ஆ) ஹை-8, வீடியோ-8 காசெட்டுகளுக்கு: இயலுமாயின் டிஜிட்டல்-8 காமிராவும் ஃபயர்வயரும், இன்றேல் எஸ்-வீடியோவும் மாற்றுக் கருவியும், அதுவும் இன்றேல் மஞ்சள் கேபிளும் மாற்றுக் கருவியும்.

இ) வி.எச்.எஸ்., வி.எச்.எஸ்.-சி காசெட்டுகளுக்கு: ஓட்டும் கருவியில் எஸ்-வீடியோ இருந்தால் அது, இல்லையேல் மஞ்சள் கேபிள். இரண்டிலும் மாற்றுக் கருவி வேண்டும்.

ஈ) கார்டு, ஹார்டு டிஸ்க் காமிராக்களுக்கு: யூ.எஸ்.பி.

இவ்விதிகளுக்கு அடிப்படை ஒன்றே. டேப்பில் இருப்பதற்கு மேல் எந்தக் கேபிளும் தராது. ஏரியில் இரண்டடி நீர் நிற்கையில் வாய்க்காலை அகலப்படுத்தினால் நீர் பெருகுவதில்லை. ஆயின் ஏரி நிறைந்திருக்க, வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயிர் வாடும். இருக்கும் நீர் முழுவதும் வந்து சேரும் வழியைத் தேர்வதே நம் வேலை.

“ஸ்டூடியோக்காரர் அன்றே சி.டி. போட்டுக் கொடுத்துவிட்டாரே, இனி டேப் எதற்கு?” என்று சிலர் வினவுவர். பால் முறை வீடியோ சி.டி.யில் ஒரு படத்துக்கு 352 பெருக்கல் 288 புள்ளிகளே உள்ளன. இது மினி டி.வி. படத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. டி.வி.டி.யில் புள்ளிகள் முழு அளவில் இருப்பினும், இடத்தைச் சேமிப்பதற்காகப் படம் மிகுதியும் சுருக்கப்பட்டிருக்கும். சி.டி.யைப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்க. படியெடுப்பதற்கு டேப்பையே கொள்க.

ஒரு கணக்கு

ஒரு சங்கத்தின் அலமாரியில் 20 காசெட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 12 மினி டி.வி.; 5 ஹை-8; 3 வி.எச்.எஸ்.-சி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடுவதென்று வைத்துக்கொள்வோம்.

டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் படியெடுக்கவும் ஆகும். விரைவாகச் செய்ய வழியில்லை. எனவே 20 மணி நேர வேலை. நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் பத்து நாட்களில் முடியும்.

ஃபயர்வயரில் வரும் படம் ஒரு மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். 12 காசெட்டுகளுக்கு 156 ஜிகாபைட். மற்ற எட்டையும் அதே அளவில் வைத்தால் 104 ஜிகாபைட். மொத்தம் 260 ஜிகாபைட். 500 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று இதற்குத் தாராளமாகப் போதும். அதே அளவில் மற்றொன்றும் வேண்டும். காரணம் பின்னர்க் கூறப்படும். டிஸ்க் பழைய ஃபேட்-32 முறையில் அமைந்திருந்தால், ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. இருபது நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிடும் அல்லது துண்டுபடும். என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்-ஃபேட் முறையில் அமைத்துக்கொள்க.

செய்முறை

1. காசெட்டுகளைப் பிரித்து, வகை, ஆண்டு, பொருள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுக. வெண்மையாகப் பூஞ்சை படர்ந்த காசெட்டை எக்காரணம் பற்றியும் கருவியில் இடற்க. அது தலைப்பகுதியைக் கெடுப்பதுடன், பின்னர் ஓடும் நல்ல காசெட்டுகளுக்கும் பூஞ்சையைப் பரப்பும். அதைத் தனியே வைத்து, துப்புரவு செய்யும் பயிற்சி உடையோரிடம் கொடுக்க.

2. காசெட்டில் உள்ள பாதுகாப்புத் தாழை நகர்த்தி, தவறியும் மேற்பதிவு நேராதபடி செய்க.

3. காமிராவின் தலைப்பகுதியை அதற்குரிய துப்புரவுக் காசெட்டால், குறிப்பிட்ட நொடிகள் மட்டும் துடைக்க.

4. டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றுக. நெடுநாள் அசையாதிருந்த டேப் இதனால் இறுக்கம் தளரும்.

5. காமிராவை மின் இணைப்பிலேயே இயக்குக. பாட்டரியை நம்பற்க. மின்வெட்டு நேரும் ஊர்களில் கணினிக்கு யூ.பி.எஸ். இன்றியமையாதது. கணினி இடையில் தானே உறங்கிவிடாதபடியும் அமைத்துக்கொள்க.

6. ஃபயர்வயர்ப் படத்தை வாங்க, விண்டோஸில் ‘விண்-டி.வி.’, லினக்ஸில் ‘டி.வி.-கிராப்’ போன்ற இலவச நிரல்கள் உள்ளன. வந்த படத்தை உடனே சுருக்காமல், முழு அளவிலேயே சேமிக்க. கைப்பேசியில் அனுப்புதற்கான சிறு படத்தை அதிலிருந்து பின்னர்த் தனியே ஆக்கிக்கொள்ளலாம்.

7. படத்தில் சிறு சதுரங்கள் சிதறித் தோன்றினால் நிறுத்தித் தலைப்பகுதியைத் துடைத்து மீண்டும் முயல்க. நீள்பதிவு முறையில் எடுத்த டேப்புகள், எடுத்த காமிராவிலேயே நன்கு ஓடுவதுண்டு. ஆகையால் பழைய காமிராவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாகாது.

8. படி எடுத்தபின் முழுவதையும் ஒருமுறை பார்த்து, தறியில் இருப்பவர் யார், ஊர் எது, என்ன சேலை, எந்த வயல் என்று முதியோரிடம் கேட்டு எழுதுக. பெயரறிந்தவர் மறைந்தபின் படம் மட்டும் இருந்து பயன் குறைவு.

இரு படிகள், இரு இடங்கள்

ஒரே டிஸ்க்கில் வைத்த படியைக் காக்கப்பட்டதாகக் கொள்ளற்க. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்தையும் சென்னையையும் தாக்கிய வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரே வீட்டில் இரு படிகள் இருந்தால் இரண்டும் ஒருங்கே நனையும். ஒன்று சங்கத்திலும், மற்றொன்று வேறோர் ஊரிலும் இருத்தல் நலம். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் இயக்கிப் பார்த்தலும், சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய டிஸ்க்குக்கு மாற்றலும் வேண்டும். மூல டேப்புகளையும் எறிந்துவிடாமல், மின் மோட்டார், ஒலிபெருக்கி ஆகியவற்றினின்றும் விலக்கி, உலர்ந்த இடத்தில் நிற்கவைத்துக் காக்க.

கூட்டுறவு வழி

ஃபயர்வயர் சாக்கெட் இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. கார்டு செருகும் இடமுள்ள பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கி, அதில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்துதலே எளிய வழி. இத்துடன் ஓடும் நிலையிலுள்ள காமிரா, கேபிள்கள், அனலாக்குக்கான மாற்றுக் கருவி, இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் ஆகியவை சேர்ந்தால் ஒரு தொகுதி முழுமை பெறும். ஐந்தாறு காசெட்டுகளுக்காகக் குடும்பம் ஒவ்வொன்றும் இவ்வளவையும் வாங்குதல் வீண் செலவு. வாங்க இயலாமையால் காசெட்டுகளைக் கைவிடுதல் அதனினும் பெரிய இழப்பு.

ஒரு வட்டாரத்தின் நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து இத்தொகுதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கணினி பயின்ற அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு இவ்வேலையைப் பழக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் தன் காசெட்டைக் கொணர்ந்து, முறைப்படி பதிவு செய்து, படியைப் பெற்றுச் செல்லலாம். குடும்ப நிகழ்ச்சிகளின் படி குடும்பத்துக்கே உரியது. தறியையும் வயலையும் பற்றிய பகுதிகளைக் குடும்பத்தாரின் இசைவு பெற்றுச் சங்கத்தில் சேர்த்து வைத்தால், கோர்வை கற்க வரும் இளைஞர்க்கு அது பாடநூலாகும். காஞ்சிபுரம் பட்டுச் சேலை புவிசார் குறியீடு பெற்றுப் பல ஆண்டுகள் ஆயின. அக்குறியீடு பெயரைக் காக்கும். கைப்பழக்கத்தைக் காப்பது நெய்வோரின் பொறுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. உம் வீட்டிலும் சங்கத்திலும் உள்ள காசெட்டுகள் எத்தனை? அவற்றுள் அனலாக் எத்தனை, டிஜிட்டல் எத்தனை?

2. யூ.எஸ்.பி. இரண்டாம் வகை ஃபயர்வயரினும் அகலமானதாயிருந்தும், மினி டி.வி. காசெட்டுக்குப் பெரும்பாலும் பயன்படாதது ஏன்?

3. நெருங்கிய கட்டமுள்ள சேலையைக் காட்டும் ஹை-8 காசெட்டுக்கு மஞ்சள் கேபிளைக் காட்டிலும் எஸ்-வீடியோ ஏற்றது ஏன்?

4. மினி டி.வி. காசெட்டுகள் 30 உள்ள சங்கத்துக்கு எத்தனை மணி நேரமும் எத்தனை ஜிகாபைட் இடமும் வேண்டும்?

5. உம் வட்டாரத்தில் ஓடும் நிலையிலுள்ள மினி டி.வி. அல்லது டிஜிட்டல்-8 காமிரா யாரிடம் உள்ளது? விசாரித்து எழுதி, அடுத்த சங்கக் கூட்டத்தில் தெரிவிக்க.

ஐந்தாம் வினாவுக்கு விடை காண்பதையே முதல் வேலையாகக் கொள்க. காமிரா கிடைத்தபின் மற்றவை எளிதில் கைகூடும்.